வாழைப்பழத்தில் கதிரியக்கம்: பொட்டலத்தில் ஏன் போடுவதில்லை?

செந்தாழை:
வாழைப்பழம், உருளைக்கிழங்கு, பிரேசில் கொட்டை எல்லாவற்றிலும் கதிரியக்கம் உண்டு. சர்க்கரை, கொழுப்பு அளவெல்லாம் அச்சிடுகிறார்கள். இதை மட்டும் ஏன் சொல்வதில்லை? சாப்பிடுகிறவருக்குத் தெரிய வேண்டாமா?

வானவில்:
சொல்லி என்ன ஆகப்போகிறது? வாழைப்பழத்தில் கதிரியக்கம் பொட்டாசியத்தால் வருவது. பொட்டாசியம் எங்கே இருந்தாலும் அதில் 0.0117 சதவீதம் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகை. அதன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், 125 கோடி ஆண்டுகள். பூமி உருவான நாளிலிருந்தே இருக்கிறது. ஒரு வாழைப்பழத்தில் நொடிக்குச் சுமார் 15 அணுக்கள் சிதைகின்றன. 70 கிலோ எடையுள்ள மனித உடம்பில் நொடிக்கு 4000-க்கும் மேல்.

செந்தாழை:
ஏற்கெனவே அவ்வளவு இருக்கிறதென்றால் மேலும் ஏன் சேர்க்க வேண்டும்?

வானவில்:
சேராதுங்க. பொட்டாசியத்தை உடம்பு ஒரே மட்டத்தில் வைத்துக்கொள்கிறது. கூடுதலாகப் போனதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். பொட்டாசியம் இல்லாமல் இதயமே துடிக்காது. இதற்குப் பயந்து பழத்தை ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

ஆழிமகன்:
பொட்டாசியத்துக்கு இது சரி. ஆனால் அணு உலைக் கசிவைப் பற்றிப் பேசும்போதும் இதே வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்களே, அதுதான் எனக்கு ஆத்திரம். உலைக் கசிவில் வரும் கதிரியக்கப் பொருளான சீசியம்-137 அப்படி மட்டத்தில் நிற்காது. உணவில் அது கூடினால் உடம்பிலும் கூடும்.

வானவில்:
ஜப்பான் 2012-இல் பொது உணவில் சீசியத்துக்கு வைத்த வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல் (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்). வாழைப்பழத்தில் பொட்டாசியம்-40 கிலோவுக்கு அதைவிடச் சற்று அதிகம். அதை யாரும் தடை செய்யவில்லையே!

ஆழிமகன்:
பெக்கரலை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம். உள்ளே போன பிறகு எந்த அணு என்ன செய்கிறது என்பதுதான் கணக்கு. மீன், சிப்பி, நண்டில் பொலோனியம்-210 என்ற கதிரியக்கப் பொருள் இயற்கையாகவே உண்டு. அது உடம்புக்குள் திசுவை அதிகம் தாக்கும் ஆல்ஃபா துகளை வெளிவிடுகிறது. ஒரு பெக்கரலை விழுங்கினால், பொட்டாசியம்-40 தருவதைப்போல ஏறக்குறைய 200 மடங்கு கதிர்வீச்சுப் பாதிப்பு. இயற்கையானது என்பதாலேயே எதுவும் பாதுகாப்பாகிவிடாது.

செந்தாழை:
அப்போ மீனும் ஆபத்தா?

ஆழிமகன்:
இல்லை, அளவு மிகக் குறைவு. ஐ.நா. அறிவியல் குழுவின் கணக்குப்படி உணவு, குடிநீர் வழியாக ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 0.29 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சுப் பாதிப்பின் அளவு). இயற்கை மூலங்கள் எல்லாம் சேர்த்து 2.4. அதில் பாதியளவு, மண்ணிலிருந்து கசிந்து மூச்சு வழியாகப் போகும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவால் வருவது. கவலைப்படுவதானால் காற்றோட்டமில்லாத அடித்தள அறையைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

வானவில்:
இதைத்தானே நானும் சொல்கிறேன்!

ஆழிமகன்:
இல்லை. நீங்கள் கசிவையும் இதையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள். இயற்கையாக வருவதைத் தவிர்க்க முடியாது. கசிந்து வருவது அதற்கு மேல் கூடுதல். வரம்பு அந்தக் கூடுதலுக்குத்தான்.

செந்தாழை:
சரி, பழத்தையும் மீனையும் விடுகிறேன். பிரேசில் கொட்டை? அந்த மரம் பேரியம் என்ற தனிமத்தோடு கதிரியக்கமுள்ள ரேடியத்தையும் மண்ணிலிருந்து உறிஞ்சுகிறது. ரேடியம் எலும்பில் போய்த் தங்கும். அந்தப் பொட்டலத்தில் மட்டுமாவது அளவைப் போடட்டும்.