கலைச்சொல் வேண்டும்: கிட்டார்ப் பலகையின் ‘வாய்சிங்’ – ‘நாதப்பதம்’ பொருந்துமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இரண்டு ஆண்டுகளாக அகௌஸ்டிக் கிட்டார் செய்யக் கற்றுக்கொண்டு வருகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆசான் யாரும் இல்லை. அயல்நாடுகளில் கிட்டார் செய்கிறவர்கள் பலர், பலகையைப் பிளந்து இணைப்பது முதல் கடைசிப் பூச்சு வரை ஒவ்வொரு படியையும் படமெடுத்து, அளவு குறித்து, கை தவறிய இடத்தையும் மறைக்காமல் இணையத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றைப் படித்தே முதல் கிட்டாரை முடித்தேன். இரண்டாவது இப்போது மேசைமேல் பாதியில் கிடக்கிறது.

எங்கள் தெருவில் தச்சு வேலை தெரிந்த இளைஞர்கள் மூவர், தாங்களும் செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். உளி பிடிப்பதில் என்னைவிடத் தேர்ந்தவர்கள். ஆங்கிலம் மட்டும் படிக்க வராது. ஆகவே எனக்குத் தெரிந்த முறையைத் தமிழில் படிப்படியாக எழுதத் தொடங்கினேன். சொற்கள் பெரும்பாலும் சிரமம் தரவில்லை. குதிரை (பலகைமேல் கம்பிகளைத் தாங்கும் கட்டை), மெட்டு (விரல் வைக்கும் இடத்தைப் பிரிக்கும் குறுக்குக் கம்பி), பிருடை (கம்பியை முறுக்கும் திருகு) மூன்றும் வீணைப் பட்டறைகளில் புழங்குகிறவை, அப்படியே எடுத்துக்கொண்டேன். பலகையின் அடியில் ஒட்டும் ‘பிரேஸ்’ விலாச்சட்டம் ஆயிற்று. ‘கெர்ஃபிங்’ என்பது பக்கப்பலகையும் மேற்பலகையும் சேரும் உள்மூலையில் ஓடும் மெல்லிய மரப்பட்டை. நேராக வைத்தால் இடுப்பு வளைவில் முறிந்துவிடும். அதனால் சில மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டு, முக்கால் ஆழத்துக்குப் போட்டு வளைப்பார்கள். வளைத்துப் பார்த்தால் சீப்பின் பல்லைப்போல் விரியும். கூரைக்கு வரிச்சு கட்டுகிறோமே, அந்தச் சொல்லை எடுத்துப் ‘பல்வரிச்சு’ என்று வைத்தேன்.

நான் மாட்டிக்கொண்டது ‘வாய்சிங்’ என்ற சொல்லில். மற்றப் படிகளுக்கு இருபது படம் போடுகிறவர்கள்கூட இந்தப் படிக்கு வந்ததும் இரண்டே வரியில் முடித்துக்கொள்கிறார்கள். ஓசையைப் படமெடுக்க முடியாதல்லவா? வேலை என்ன என்பதை மட்டும் சொல்கிறேன்.

மேற்பலகை ஸ்ப்ரூஸ் மரம்; 3 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைந்த கனம். எஃகுக் கம்பி ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ எடைக்கு இழுக்கும். பலகை தனியாக அதைத் தாங்காது. ஆகவே அடியில் பெருக்கல் குறி வடிவில் இரண்டு பெரிய விலாச்சட்டங்களும், சுற்றிலும் சில சிறியவையும் ஒட்டுகிறோம். ஒட்டியவுடன் பலகை விறைத்துவிடும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, நுனியிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு தள்ளிப் பிடித்துத் தொங்கவிட்டு, குதிரை உட்காரப்போகும் இடத்தை மறுகையின் விரல்முட்டியால் தட்டினால் ‘டக்’ என்று நின்றுவிடும். பிறகு உளியை எடுத்து விலாச்சட்டங்களின் முனையைச் சரிவாகவும், முதுகை, அதாவது பலகையில் ஒட்டாத விளிம்பை, கொஞ்சம் கொஞ்சமாகவும் சீவுகிறோம். நாலு சீவல், ஒரு தட்டல். மறுபடி நாலு சீவல். எங்கோ ஓர் இடத்தில் ‘டக்’ மாறி ‘டூம்’ என்று விழுந்து, பின்னால் ஓர் இழை தொடரும். அங்கே நிறுத்த வேண்டும். கூடவே கட்டைவிரலால் அழுத்தி, பலகை எவ்வளவு வளைந்துகொடுக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

இதற்கு நான் நினைத்திருக்கும் சொல் ‘நாதப்பதம்’. வினையாக ‘நாதப்பதம் பார்த்தல்’. பாகு காய்ச்சுகிறவர் கம்பிப் பதம் பார்க்கிறார். அவரிடம் வெப்பமானி இல்லை. இரு விரலுக்கு நடுவே இழை நிற்கிறதா என்பதே அளவு. இங்கேயும் அதே வேலைதான். உங்கள் கருத்தைக் கேட்டு நடக்கிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து

* * *

வணக்கம் ஐயா.

நல்ல முயற்சி. மூன்று தடைகள் சொல்கிறேன். ‘பதம் பார்த்தல்’ என்றால் வழக்கில் காயப்படுத்துதல். ‘கத்தி விரலைப் பதம் பார்த்துவிட்டது’ என்கிறோம். உளியோடு செய்யும் வேலைக்கு இந்தச் சொல் தேவையா? இரண்டாவது, ‘ஈரப்பதம்’ என்பது அளவைக் குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டது. நாதப்பதம் என்றால் அதையும் விழுக்காட்டில் சொல்லலாம் என்று மாணவர் நினைப்பார். மூன்றாவது, நாதம் வடசொல். ‘ஒலி’ இருக்கும்போது அது எதற்கு? ‘ஒலிச்சீரமைப்பு’ அல்லது ‘குரலாக்கம்’ என்று வைக்கலாமே.

பல்வரிச்சு மீதும் ஓர் ஐயம். ‘பல வரிச்சுகள்’ என்று படித்துவிட மாட்டார்களா?

நன்றி,
கோவையிலிருந்து

* * *

அன்புள்ள தம்பிக்கு,

நான் மொழி படித்தவனில்லை. எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை வீணை வேலை பார்த்தார்கள். அப்பா பலகையைத் தட்டிக் காதருகே பிடித்துவிட்டு, ‘இன்னும் பேசவில்லை’ என்பார், இழைப்பார், மறுபடி தட்டுவார். அந்த வேலைக்கு அவர் தனியாகப் பெயர் ஏதும் வைத்ததாக நினைவில்லை. ‘சுதி கூட்டுதல்’ என்று ஒரு சொல் எல்லோருக்கும் தெரியும். அதையே இதற்கும் வைத்துக்கொண்டால் என்ன?

தஞ்சாவூரிலிருந்து

* * *

வணக்கம்.

இருவர் மடலையும் அச்செடுத்துப் பட்டறையில் ஒட்டிவைத்துவிட்டு நான்கு நாள் யோசித்தேன். தஞ்சை ஐயாவின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை தேடியபோதுதான் எனக்கே தெளிவு பிறந்தது.

> அதையே இதற்கும் வைத்துக்கொண்டால் என்ன?

சுதி கூட்டுவது திரும்பி வரக்கூடிய வேலை, ஐயா. கம்பி ஏறிப்போனால் பிருடையைத் தளர்த்தலாம். விலாச்சட்டத்தில் சீவியதை மறுபடி ஒட்ட முடியாது. இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டும். பாகு முற்றிவிட்டால் முற்றியதுதான். பதம் என்ற சொல்லுக்குள் ‘இதைத் தாண்டாதே’ என்ற எச்சரிக்கை இருக்கிறது. அதற்காகவே அதைப் பிடித்துக்கொண்டேன்.

எவ்வளவு விரைவில் தாண்டிவிடும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சட்டத்தின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேராகவும், உயரத்தின் மும்மடிக்கு நேராகவும் மாறும். 15 மில்லிமீட்டர் உயரச் சட்டத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் சீவினால் உயரத்தில் பத்தில் ஒரு பங்குதான் குறையும். ஆனால் விறைப்பில் 27 விழுக்காடு போய்விடும். அதே பத்தில் ஒரு பங்கை அகலத்தில் எடுத்தால் 10 விழுக்காடுதான் குறையும். என் முதல் கிட்டாரில் இது தெரியாமல் முதுகிலேயே சீவிக்கொண்டிருந்தேன். ‘டூம்’ வந்த பிறகும், இன்னும் நன்றாக வரும் என்ற ஆசையில் நான்கைந்து சீவல் கூடப் போனேன். கம்பி மாட்டி ஆறு மாதத்தில் குதிரைக்குப் பின்னால் பலகை புடைத்து, முன்னால் குழிந்துவிட்டது. இன்றும் அது பாடுகிறது, தடித்த குரலில். ஆனால் மேல் மெட்டுகளில் கம்பி உயர்ந்து விரலை வருத்துகிறது.

பெரிய பட்டறைகளும் இந்த எல்லைக்கு அஞ்சியிருக்கின்றன. பெருக்கல் குறி அமைப்பைப் பரவலாக்கிய அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம், விலாச்சட்டத்தின் முதுகைக் குழிவாகச் சீவும் வழக்கத்தை 1944-இல் நிறுத்தியது. கனத்த கம்பிகளின் இழுவைக்குப் பலகை ஈடுகொடுக்க வேண்டியிருந்தது. 1976-இல் ஹெச்டி-28 என்ற கிட்டார் வந்தபோதுதான் அந்தக் குழிவு அவர்கள் வரிசையில் திரும்பியது. இடைப்பட்ட காலக் கருவிகள் உறுதியானவை. ஆனால் 1930-களின் கருவிகளைத் தேடித்தேடி வாங்குகிறவர்கள் அந்த மெலிந்த சட்டங்களின் ஓசைக்காகவே பணம் கொடுக்கிறார்கள்.

இன்னொரு செய்தியும் இங்கே பொருந்தும். இன்றைய கிளாசிக்கல் கிட்டாருக்கு வடிவம் தந்த ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தெ தோரஸ், 1862-இல் பின்பலகையையும் பக்கங்களையும் காகிதக்கூழால் செய்து ஒரு கிட்டார் கட்டினார். ஓசை மேற்பலகையிலிருந்துதான் பிறக்கிறது என்று காட்டவே அப்படிச் செய்தார் என்பார்கள். அந்தக் கிட்டார் இன்று பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்பலகைக்கு ஈட்டி மரமா, மஹோகனியா என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். தோரஸ் அக்கறை வைத்தது பலகையிலும் அதன் அடியில் விசிறிபோல் விரித்த மெல்லிய சட்டங்களிலும். ஆகவே இந்த ஒரு படிக்கு நல்ல சொல் அமைந்துவிட்டால் மற்றவற்றில் நான் எவ்வளவும் விட்டுக்கொடுப்பேன்.

இனி கோவையிலிருந்து எழுதியவரின் தடைகள்.

> ‘பதம் பார்த்தல்’ என்றால் வழக்கில் காயப்படுத்துதல்

வழக்கு உண்மை. ஆனால் அந்த வழக்கில் பதம் பார்ப்பது கத்தி, பார்க்கப்படுவது விரல். ‘பாகைப் பதம் பார்’ என்றால் யாரும் பாகுக்குக் காயம் என்று எண்ணுவதில்லை. முன்னால் நாதம் சேர்ந்தபின் குழப்பத்துக்கு இடமே இல்லை. தெருவிலிருக்கும் அந்த மூவரிடமும் விளக்கம் சொல்லாமல் ‘இனி நாதப்பதம் பார்க்க வேண்டும்’ என்று மட்டும் சொல்லிப் பலகையைக் கையில் கொடுத்தேன். மூவருமே முதலில் தட்டினார்கள். ஒருவர் காதருகே கொண்டுபோனார். உளியை யாரும் எடுக்கவில்லை. அந்த வரிசைதான் சரியான வரிசை.

> ‘ஈரப்பதம்’ என்பது அளவைக் குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டது

இதில் நீங்கள் சொல்வது நியாயம். என்னை மிகவும் யோசிக்கவைத்த தடை இது. இரண்டு சொல்லும் ஒரே பக்கத்தில் வரும் என்பது சிக்கலைக் கூட்டுகிறது. ஏனென்றால் விலாச்சட்டம் ஒட்டும் நாளில் அறையின் ஈரப்பதம் 45 விழுக்காட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஐப்பசி மழையில் ஒட்டினால், மரம் குறுக்குவாட்டில் உப்பியிருக்கும். சித்திரையில் அது சுருங்கும்போது சட்டம் நீளவாட்டில் சுருங்காமல் எதிர்த்து நிற்கும். பலகை உள்வாங்கும் அல்லது கீறும். எழுதும் பக்கத்தில் ‘ஈரப்பதம் 45 விழுக்காடு’ என்று ஒரு வரியும், கீழே ‘நாதப்பதம் பார்க்கவும்’ என்று ஒரு வரியும் இருக்கும். மாணவர் ‘எத்தனை விழுக்காடு?’ என்று கேட்கலாம்தான். கேட்கட்டும், விடையை அந்த இடத்திலேயே எழுதிவிடுகிறேன். எண்ணால் அளக்கும் பதம் ஒன்று, காதாலும் கட்டைவிரலாலும் அளக்கும் பதம் ஒன்று. இரண்டும் ஒரே பலகைக்கு வேண்டும். இதற்காக நாதமும் பதமும் சேர்ந்த சொல்லை உடைக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆனால் பெயர்ச்சொல்லாக மட்டும் தனித்து விடாமல் எப்போதும் ‘பார்த்தல்’ சேர்த்தே எழுதுவேன். உங்கள் தடையால் வந்த மாற்றம் இது.

ஒலியா, நாதமா? ‘ஒலிப்பதம்’ என்று எழுதி இரண்டு பக்கம் ஓட்டிப் பார்த்தேன். வேகமாகப் படித்தால் கண் அதை ‘ஒலிப்பதிவு’ என்றே பிடிக்கிறது; இசையைப் பற்றிய பக்கத்தில் அது பெரிய இடைஞ்சல். மேலும் ஒலி என்றால் கதவு சாத்துவதும் ஒலி. மிருதங்கத்துக்குக் கரணை போடுகிறவரும், நாகசுரக்காரரும், வீணை வாசிப்பவரும் ‘நாதம்’ என்கிறார்கள். கருவியைக் கையில் வைத்திருப்பவர்களின் வாயில் இருக்கும் சொல்லை விட்டுவிட எனக்கு மனமில்லை. தனித்தமிழில் எழுத விரும்புகிறவர்கள் ‘ஓசைப்பதம்’ என்று எழுதினால் அதையும் மகிழ்ச்சியோடு ஏற்பேன். பதம் நிலைத்தால் போதும்.

‘ஒலிச்சீரமைப்பு’, ‘குரலாக்கம்’ இரண்டையும் ஏற்க முடியவில்லை. காரணத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சீரமைப்பு, ஆக்கம் என்று முடியும் சொற்கள் அறிக்கைக்குப் பொருந்தும். உளி பிடித்த கைக்கு அவை எந்த ஏவலையும் தருவதில்லை. ‘குரலாக்கம் செய்க’ என்று எழுதினால் அவர் எங்கே தொடங்குவார்? தட்டுவதா, சீவுவதா, கம்பி மாட்டுவதா? படிப்படியாக எழுதும் நூலில் ஒவ்வொரு சொல்லும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு பிடி கொடுக்க வேண்டும்.

பல்வரிச்சு பற்றிய ஐயம்: பல்சக்கரத்தை யாரும் பல சக்கரங்கள் என்று படிப்பதில்லை. முதல் முறை வரும் இடத்தில் படம் போட்டுவிடுகிறேன். அது போதும்.

தஞ்சை ஐயா, உங்கள் அப்பா சொன்ன ‘இன்னும் பேசவில்லை’ என்பதை உங்கள் இசைவு கிடைத்தால் அந்தப் படியிலேயே சேர்க்க விரும்புகிறேன். படியை இப்படித் திருத்தி எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள். ஞாயிறன்று அவர்கள் மூவரும் தங்கள் பலகையோடு வருகிறார்கள்.

“நாதப்பதம் பார்த்தல்: உளியைத் தொடும் முன் பலகையைத் தொங்கவிட்டுத் தட்டுங்கள். ‘டக்’ என்று நின்றால் பலகை இன்னும் பேசவில்லை. விலாச்சட்டத்தின் முனைகளில் மட்டும் நாலு சீவல் எடுங்கள், முதுகைத் தொடாதீர்கள். மறுபடி தட்டுங்கள். முனைகள் 2 மில்லிமீட்டருக்கு இறங்கிய பின்னும் பேசாவிட்டால் மட்டுமே முதுகுக்கு வாருங்கள்; அங்கே ஒரு சீவலுக்கு ஒரு தட்டல். ஓசைக்குப் பின்னால் இழை தொடரத் தொடங்கியதும் உளியைக் கீழே வைத்துவிட்டு, மறுநாள் காலையில் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.”

அன்புடன்,
மதுரையிலிருந்து