1990 யூனோஸ் ரோட்ஸ்டர் 1.6: ஆயிரம் பவுண்டை எதில் போடுவது?

கவென்ட்ரி_புதியவன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் 1990 மாடல் யூனோஸ் ரோட்ஸ்டர் ஒன்று வாங்கினேன். ஜப்பானிலிருந்து இறக்குமதியான வண்டி. சிவப்பு நிறம், 1.6 எஞ்சின், ஐந்து கியர். இங்கே இங்கிலாந்தில் மாஸ்டா எம்எக்ஸ்-5 மார்க் ஒன் என்று சொல்லும் அதே வண்டிதான். மீட்டர் 1,42,000 கிலோமீட்டர் காட்டுகிறது. எம்ஓடி (வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை) இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.

கையில் ஆயிரம் பவுண்டு ஒதுக்கி வைத்திருக்கிறேன். கோன் ஏர் ஃபில்டர், ஸ்டெயின்லெஸ் எக்ஸாஸ்ட், வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங் செட், இந்த மூன்றும் போடலாம் என்று நினைக்கிறேன். சரியான வரிசை எது?

வண்டியில் நான் கவனித்தவை: மூன்றாவது கியரில் மிதித்தால் எதிர்பார்த்த இழுவை இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் மேல்பக்கம் டிக் டிக் என்ற சத்தம், ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. ஹேண்ட்பிரேக்கைப் பத்துப் பன்னிரண்டு பல் இழுக்க வேண்டியிருக்கிறது. சீட்டுக்குப் பின்னால் கார்பெட்டில் ஈர வாடை. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டுகிறது. பக்கத்துக் கராஜில் காட்டினேன். கிராங்கின் (எஞ்சினின் சுழலும் தண்டு) பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும், அறுநூறு பவுண்டு என்றார்கள். அப்படியானால் என் பட்ஜெட் அங்கேயே முடிந்துவிடும்.


ஸ்லவ்_சாலை எழுதியது:

எக்ஸாஸ்ட் போடுங்கள். கூரையைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தோடு போவது தனி சுகம். நான் ஸ்பிரிங்கும் போட்டேன், பார்க்க அழகாக இருக்கிறது. சீல் விஷயம் எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்வார்கள்.


பழைய_ஸ்பானர் எழுதியது:

தம்பி, வாழ்த்துகள். என்னிடமும் இதே வண்டிதான், பதினேழு வருடமாக வைத்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மூன்று சாமான்களில் எதையும் இப்போது வாங்க வேண்டாம்.

இந்த வண்டியின் எடை ஏறத்தாழ 940 கிலோ. ஜப்பானில் விற்றபோது எஞ்சின் சக்தி 120 குதிரை. முப்பத்தைந்து வருடத்தில் அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போயிருக்கிறது. தொலைந்ததை முதலில் மீட்டுவிட்டால், வண்டி உங்களுக்குப் புதிதாகத் தெரியும். அதற்கு ஆயிரம் பவுண்டு தாராளம்.

ஈர வாடையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த வண்டிகளைக் கொல்வது எஞ்சின் இல்லை, துருதான். துணிக்கூரையில் விழும் மழை, கூரையின் அடிவிளிம்பில் உள்ள வாய்க்கால் வழியாக இரண்டு பக்கமும் ஓடி, சீட்டுக்குப் பின்னால் கதவுத் தூணுக்குள் இருக்கும் குழாயில் இறங்கி, பின் சக்கரத்துக்கு முன்னால் வெளியே விழ வேண்டும். இலையும் தூசியும் சேர்ந்து அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் கார்பெட்டுக்கும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டுக்கும் (இங்கே சில் என்பார்கள்) போகும். அந்தத் தகடு உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்ளே பாதி போயிருக்கும். எம்ஓடியில் இந்த வண்டிகள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான், பின் சக்கரத்துக்கு முன்னால் சில் முடியும் இடத்தில்.

கூரையைப் பாதி மடித்துவிட்டு, சீட்டுக்குப் பின்னால் மூலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓட்டை தெரியும். ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பின் சக்கரத்துக்கு முன்னால் உடனே கொட்டினால் சரி. தேங்கி நின்றால் புல்வெட்டும் ஸ்டிரிம்மருக்குப் போடும் தடித்த நைலான் நரம்பை உள்ளே விட்டு, திருகித் திருகி இறக்குங்கள். இரும்புக் கம்பி வேண்டவே வேண்டாம். குத்தினால் உள்ளே இருக்கும் குழாய் கழன்றுவிடும், பிறகு எல்லாத் தண்ணீரும் சில்லுக்குள்தான். இந்த வேலையை இலையுதிர் காலத்தில் ஒரு முறை, வசந்தத்தில் ஒரு முறை நான் தவறாமல் செய்வேன்.

அடுத்து அந்த ஆயில். அறுநூறு பவுண்டு கொடுப்பதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம், கேபின் சுவரை ஒட்டி, கேம் ஆங்கிள் சென்சார் என்று ஒன்று இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டமான சாமான். அதன் கழுத்தில் ஒரு ரப்பர் ஓ-ரிங். வருடக்கணக்கில் சூட்டில் வெந்து அது பிளாஸ்டிக் போல இறுகிவிடும். அப்போது ஆயில் அங்கிருந்து கசிந்து, எஞ்சினின் பின்முதுகு வழியாக இறங்கி, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டும். கீழேயிருந்து பார்க்கிறவருக்கு அது கிராங்க் சீல் மாதிரியேதான் தெரியும். என் வண்டியையும் ஒரு கராஜில் இப்படித்தான் சொன்னார்கள்.

கோவையில் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். ஆயில் எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால், மேலே ஆரம்பித்து விரலால் தடவிக்கொண்டே இறங்கு, முதல் ஈரம் எங்கே தட்டுகிறதோ அங்கேதான் ஓட்டை என்பார். எஞ்சின் ஆறியதும் சென்சாருக்குக் கீழே விரலை விடுங்கள். விரல் கறுப்பாக, பிசுபிசுப்பாக வந்தால் ஓ-ரிங்தான். சில பவுண்டு கதை. பன்னிரண்டு எம்எம் போல்ட் ஒன்று, வயர் கனெக்டர் ஒன்று. கழற்றுவதற்கு முன் சென்சாருக்கும் ஹெட்டுக்கும் குறுக்கே ஒரு கீறல் போட்டுவிடுங்கள், மறுபடி அதே இடத்தில் உட்கார வைக்க. உள்ளே இருக்கும் நாக்கு நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருக்கும், அதனால் தலைகீழாக மாட்ட முடியாது, பயப்பட வேண்டாம். விரல் சுத்தமாக வந்தால் அப்போது சீலைப் பற்றிப் பேசலாம்.

அந்த சென்சாரைத் தொட்டதும் இழுவை விஷயமும் வந்துவிடுகிறது. இக்னிஷன் டைமிங், அதாவது பிளக் தீப்பொறி விடும் நேரம், வைப்பது அதைத் திருப்பித்தான். கம்பெனி அளவு 10 டிகிரி. பானெட்டுக்குள் டயக்னாசிஸ் என்று எழுதிய சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, மூடியைத் திறந்து டிஇஎன் (TEN), ஜிஎன்டி (GND) என்று எழுதிய இரண்டு முனைகளையும் ஒரு வயரால் இணையுங்கள். இதைச் செய்யாவிட்டால் கம்ப்யூட்டர் தானே டைமிங்கை மாற்றிக்கொண்டிருக்கும், நீங்கள் பார்ப்பது பொய். ஐடில் (மிதிக்காமல் ஓடும் வேகம்) நிமிடத்துக்கு 850 சுற்றில் நிற்க வேண்டும். டைமிங் லைட்டின் கிளிப்பை முதல் சிலிண்டர் வயரில் மாட்டி, அந்த லைட்டை அடித்து எஞ்சின் முன்பக்கப் புல்லியின் கீறலைப் பாருங்கள். போல்ட்டைத் தளர்த்தி சென்சாரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால் கீறல் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நான் 14 டிகிரியில் வைத்திருக்கிறேன். நடு வேகத்தில் இழுவை நன்றாகத் தெரியும். ஆனால் 14 வைத்தால் 97 ஆக்டேனுக்குக் குறையாத சூப்பர் பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும். பழைய ரப்பர்களுக்கும் அதுதான் நல்லது. 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதா 95 எல்லாம் இ10 (பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது) ஆகிவிட்டது, 2002-க்கு முந்தைய மாஸ்டாக்களுக்கு அது சரிப்படாது. வயரும் ஸ்பார்க் பிளக்கும் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் இரண்டையும் மாற்றிவிடுங்கள். மழை நாளில் மிதிக்கும்போது உதறினால் அந்த வயர்கள்தான் காரணம்.

கோன் ஃபில்டர் வேண்டாம் என்றதற்குக் காரணம் இது. உங்கள் 1.6-இல் காற்று ஒரு மடல் வைத்த மீட்டர் வழியாக உள்ளே போகிறது. தடை அந்த மடல், ஃபில்டர் இல்லை. கோனை மாட்டினால் பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை இழுக்கும். சத்தம் கூடும், இழுவை குறையும்.

ஹேண்ட்பிரேக்: பின் காலிப்பரின் பின்பக்கம் ஒரு 14 எம்எம் போல்ட் இருக்கும், அது வெறும் மூடி. கழற்றினால் உள்ளே 4 எம்எம் ஆலன் கீ போகும். லீவரை முழுக்க விட்டுவிட்டு, பேட் டிஸ்க்கைப் பிடிக்கும் வரை திருகி, மூன்றில் ஒரு சுற்று பின்னால் விடுங்கள். இரண்டு பக்கமும். பலர் இது தெரியாமல் கேபிளை இழுத்து இழுத்துக் கெடுக்கிறார்கள்.

டிக் டிக் சத்தம் ஹைட்ராலிக் லிஃப்டர் (ஆயில் அழுத்தத்தில் வால்வு இடைவெளியைச் சரிக்கட்டும் சாமான்). ஐந்து நிமிடத்தில் நின்றால் கவலை வேண்டாம். நல்ல 10டபிள்யூ-40 ஆயில், ஆயிரம் மைல் இடைவெளியில் இரண்டு முறை மாற்றுங்கள், அடங்கிவிடும்.

மிச்சப் பணம் முழுவதும் டயருக்கும் வீல் அலைன்மென்டுக்கும் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது). டயர் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் தயாரித்த வருடம். என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.


மிட்லண்ட்ஸ்_மழை எழுதியது:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். 1990 வண்டி என்பதால் குட்டை மூக்கு கிராங்காக (புல்லி மாட்டும் முன்முனை குட்டையானது) இருக்கும். முன்பக்கப் புல்லியின் நடுவில், பெரிய போல்ட்டைச் சுற்றி எத்தனை பிளவு இருக்கிறது என்று எண்ணுங்கள். நான்கு என்றால் குட்டை, எட்டு என்றால் பிற்காலத்து நீள மூக்கு.

குட்டையில் புல்லியைப் பிடித்திருக்கும் சாவிக்கட்டை (கிராங்கில் வெட்டிய காடிக்குள் உட்காரும் சின்ன இரும்புத் துண்டு) சின்னது. யாராவது டைமிங் பெல்ட் மாற்றும்போது அந்த போல்ட்டைக் கழற்றிச் சரியாக முறுக்காமல் விட்டால், புல்லி ஆட ஆரம்பித்து, கிராங்கில் உள்ள காடியையே தின்றுவிடும். எனக்கு நடந்தது. பெல்ட் மாற்றி நான்கே மாதத்தில் வண்டி மந்தமானது. மூன்று கராஜ் ஏறி இறங்கினேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் ஐடிலில் முன்னால் நின்று பார்த்தபோது புல்லி தட்டு மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. எஞ்சினை எடுக்காமலே, காடியை முழுக்கச் சுத்தம் செய்து, புதுச் சாவிக்கட்டையும் புது போல்ட்டும் வைத்து, லாக்டைட் 660 (தேய்ந்த உலோக இடைவெளியை நிரப்பிப் பிடிக்கும் பசை) பூசி இறுக்கி, ஒரு நாள் முழுக்க ஆறவிட்டேன். மூன்று வருடமாக ஓடுகிறது.

டைமிங் வைப்பதற்கு முன் இதைப் பாருங்கள். புல்லியே நகர்ந்திருந்தால் அதிலுள்ள கீறலும் கூடவே நகர்ந்திருக்கும், லைட் காட்டுவதை நம்ப முடியாது.


பழைய_ஸ்பானர் எழுதியது:

மிகச் சரியான சேர்ப்பு, நான் எழுத மறந்த முக்கியமான விஷயம். தம்பி, புல்லி ஆடாமல் இருந்தால் அந்த நடு போல்ட்டைத் தேவையில்லாமல் தொடாதீர்கள்.


கவென்ட்ரி_புதியவன் எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன் அண்ணா. நான்கு பிளவுதான், ஆனால் புல்லி ஆடவில்லை, நேராகச் சுற்றுகிறது.

இடது பக்க வடிகுழாயில் ஊற்றிய தண்ணீர் அப்படியே நின்றது. நைலான் நரம்பை விட்டுத் திருகியதும் காபி நிறத்தில் தண்ணீரும், மட்கிய இலையும், ஒரு பைன் மர ஊசிக் கொத்தும் வந்தன. ஆயில் நீங்கள் சொன்ன இடத்தில்தான். பழைய ஓ-ரிங்கை எடுத்தபோது கையிலேயே இரண்டாக உடைந்தது. எஞ்சினைத் துடைத்துவிட்டு நூறு மைல் ஓட்டினேன், கீழே வைத்த அட்டை காய்ந்தே இருக்கிறது. டைமிங் 6 டிகிரியில் இருந்தது. இப்போது 14. மூன்றாவது கியரில் வேறு வண்டி. ஹேண்ட்பிரேக் ஆறாவது பல்லில் பிடிக்கிறது.

டயரில் 2211 என்று இருக்கிறது. தடம் முக்கால்வாசி மிச்சம் இருக்கிறதே, மாற்றத்தான் வேண்டுமா? ஸ்பிரிங் போட்டால் அலைன்மென்டோடு சேர்த்தே செய்துவிடலாமா? இன்னொன்று, காலையில் இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கிறது.


பழைய_ஸ்பானர் எழுதியது:

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது தம்பி.

2011-இன் 22-ஆவது வாரம். தடம் இருந்து பயனில்லை, ரப்பர் கல்லாகியிருக்கும். நகத்தை அழுத்திப் பாருங்கள், பதியாது. ஈரச் சாலையில் ரவுண்டானாவில் இந்த வண்டி பின்பக்கம் விலகினால் பிடித்து நிறுத்த எந்த எலக்ட்ரானிக்ஸும் கிடையாது. அதே 185/60 ஆர்14 அளவில் நல்ல டயர் நான்கும் ஒரே மாதிரி வாங்குங்கள். பெரிய சக்கரம் வேண்டாம். உங்கள் 14 அங்குல அலாய் ஒவ்வொன்றும் ஐந்தரை கிலோ அளவுதான், அந்த லேசுதான் ஸ்டியரிங்கில் உங்களுக்குத் தெரிவது. காற்று 26 பிஎஸ்ஐ. டயர் கடையில் பழக்கத்தில் 32 அடித்துவிடுவார்கள், வீட்டுக்கு வந்து குறைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் இப்போது வேண்டாம். தாழ்த்தினால் ஷாக் அப்சார்பர் கீழே போக இடமில்லாமல், குழியில் இறங்கும்போதெல்லாம் ரப்பர் முட்டில் போய் இடிக்கும். நம் ஊர்ச் சாலையானாலும் இந்த ஊர்ச் சாலையானாலும் குழி குழிதான்.

அலைன்மென்டுக்கு வண்டியை விடுவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே சக்கரங்களைத் தாங்கும், கை விரித்த மாதிரி இருக்கும் அந்த விஷ்போன்களின் அடிபோல்ட் எட்டிலும் துரு இளக்கும் ஆயில் அடியுங்கள். இறுகியிருந்தால் கடைக்காரர் தொடவே மாட்டார். முன் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும் அளவு) மைனஸ் 1 டிகிரி, பின் கேம்பர் மைனஸ் ஒன்றரை, காஸ்டர் (ஸ்டியரிங் அச்சு பின்னால் சாயும் அளவு) 5 டிகிரி பக்கம் இரண்டு பக்கமும் ஒரே அளவு, டோ (சக்கரத்தின் முன்விளிம்பு திரும்பியிருக்கும் அளவு) மிகக் கொஞ்சம் உள்பக்கம். இந்த எண்களைத் தாளில் எழுதிக் கொடுங்கள். டிரைவர் சீட்டில் உங்கள் எடையை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

இரண்டாவது கியருக்கு, லீவருக்குக் கீழே உள்ள சின்னக் கிண்ணத்தைப் பாருங்கள். அதற்கெனத் தனி ஆயில் உண்டு, பெரும்பாலான வண்டிகளில் அது வறண்டிருக்கும். அங்கே உள்ள ரப்பர் உறை இரண்டும் கிழிந்திருந்தால் மாற்றிவிட்டு, ஜிஎல்-4 தரக் கியர் ஆயில், 75டபிள்யூ-90, சுமார் 80 மில்லி ஊற்றுங்கள். கியர்பாக்ஸுக்கும் அதே ஜிஎல்-4. ஜிஎல்-5 டிஃபரன்ஷியலுக்கு (பின் சக்கரங்களுக்கு இடையில் உள்ள பல்சக்கரப் பெட்டி) மட்டும்.

கார்பெட்டைத் தூக்கி அடியில் உள்ள ஸ்பாஞ்சை வெளியே எடுத்துக் காயவைத்தீர்களா? மேலே காய்ந்தாலும் அதற்குள் தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கும். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டியையும் அப்படியே ஒரு பார்வை பாருங்கள். கறுப்பாக இருந்தால் சரி, பழுப்பாகியிருந்தால் கோடைக்குள் மாற்றிவிடுங்கள்.