காட்டாங்குளத்தூரில் படித்த பிள்ளைகள் இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். கல்லிடைக்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன். மகளுக்கு காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. படிப்பு, பிளேஸ்மென்ட் எல்லாம் விசாரித்தாயிற்று. நெல்லை எக்ஸ்பிரஸில் செங்கல்பட்டு போய் லோக்கல் ரயிலில் பொத்தேரியில் இறங்க வேண்டும், அதுவும் தெரியும். கேட்பது வேறு.

அம்பாசமுத்திரத்தில் படித்தவள். கூடப் படித்தவர்கள் எல்லாரும் சுற்று வட்டாரப் பிள்ளைகள். சேர்க்கை வரிசையில் எங்களுக்கு முன்னால் விஜயவாடா குடும்பம், பின்னால் பாட்னாக்காரர்கள். அந்தப் பாட்னாப் பெண் இந்தியில் எதையோ கேட்க, இவள் பேனாவை நீட்டினாள். அவளுக்கு வேண்டியது பசையாம்! இரண்டும் சிரித்துக்கொண்டன.

விடுதியில் ரூம்மேட்டை நாமே தேர்ந்தெடுக்கலாமா? நம்ம ஊர்ப் பிள்ளைகளோடு இருக்கட்டும் என்கிறார் வீட்டுக்காரர். நான் கேட்கிறேன், நாலு வருஷமும் நம்ம ஊர்ச் சொதிக் குழம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கவா இவ்வளவு பணம் கட்டுகிறோம்? ஆனால் தெலுங்கு, இந்தி, மலையாளம் என்று தனித்தனிக் கூட்டமாகத்தான் உட்காருவார்கள் என்றும் சிலர் சொல்கிறார்கள். நிஜமா?

பட்டிமன்றத்தில் நன்றாகப் பேசுவாள். ஆங்கிலம் தடுமாறும். கிளப்புகளிலும் மிலன் என்ற கலைவிழாவிலும் முதல் வருஷமே இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சேர்ப்பார்களா? அங்கே இருக்கும் தமிழ்ப்பேராயம் என்ற தமிழ் அமைப்பு மாணவர்களுக்கு ஏதாவது நடத்துகிறதா?

அப்புறம் செலவு. பிறந்தநாள் ட்ரீட், வார இறுதியில் மால் என்று வசதியான பிள்ளைகள் கிளம்பினால், இவள் மட்டும் ஒதுங்கி நிற்கக் கூடாது. நம்மாலும் ரொம்ப முடியாது. மாதம் எவ்வளவு கொடுத்தீர்கள்?

இன்பாக்ஸ் வேண்டாம், இங்கேயே போடுங்கள். அவளும் படிப்பாள்.