பனிச்சறுக்கு சரி, காலில் மாட்டுவதற்கு என்ன பெயர்?

*கோவையிலிருந்து*

குழுமத்தாருக்கு வணக்கம்.

குல்மார்க் போய்வந்ததைப் பற்றி ஒரு பயணக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. எழுத விஷயம் நிறைய இருக்கிறது, சொல்தான் இல்லை. அதனால் உங்களிடம் வருகிறேன்.

ஊரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். பீர் பஞ்சால் தொடரில் 2,650 மீட்டர் உயரத்தில் ஒரு புல்வெளி. கோடையில் கோல்ஃப் ஆடும் அதே இடத்தில்தான் குளிர்காலத்தில் புதியவர்கள் விழுந்து எழுகிறார்கள். 1927இல் ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள் அங்கே ஸ்கீ கிளப் தொடங்கினார்கள். பனி கொட்டிய நாட்களில் கீழேயுள்ள தங்மார்க் ஊரோடு நம் வண்டி நின்றுவிடும். டயரில் சங்கிலி சுற்றிய சுமோவில் ஏறித்தான் மிச்சத் தூரம் போகவேண்டும். மேலே கேபிள் கார், அங்கே எல்லோர் வாயிலும் 'கண்டோலா'. முதல் கட்டம் கொங்டூரி வரை போகிறது. இரண்டாவது, அபர்வத் மலையின் தோளில் கிட்டத்தட்ட 3,950 மீட்டரில் இறக்கிவிடுகிறது. அங்கே நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்குகிறது.

இனி சிக்கலுக்கு வருகிறேன். வண்டியை விட்டு இறங்கியதும் ஃபெரன் என்ற நீள அங்கி அணிந்த ஆட்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். கயிறு கட்டிய மரச்சட்டம் ஒன்றில் நம்மை உட்காரவைத்துப் பனிமேல் இழுத்துப் போவார்கள். எங்களோடு வந்த திருச்சிக் குடும்பம் அதில் ஒரு சுற்றுப் போய்வந்து, "பனிச்சறுக்கு பண்ணியாச்சு" என்று ஊருக்குப் போன் போட்டது. தப்பென்று சொல்ல முடியுமா? பனி இருந்தது, சறுக்கியது. சிவா கேசவன் 1998 முதல் 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்கில் மல்லாந்து படுத்தபடி லூஜ் வண்டியில் இறங்கினார். குல்மார்க் பக்கத்து ஆரிஃப் கான் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நின்றபடி கொடிகளைச் சுற்றி வளைந்து இறங்கினார், அந்த ஆண்டு இந்தியா அனுப்பிய ஒரே வீரர் அவர்தான். தமிழில் இரண்டு பேருமே பனிச்சறுக்கு வீரர்கள். போதாததற்கு, உறைந்த தரையில் கத்திச் செருப்போடு சுழல்கிறவர்களும் அதே பெயரில்தான் வருகிறார்கள்.

அந்தச் சொல்லை ஒழிக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. பொதுப்பெயராக இருந்துவிட்டுப் போகட்டும். என் தேவை, ஆங்கிலத்தில் ஸ்கீ என்கிற, காலில் மாட்டும் அந்த நீளமான கருவிக்கு ஒரு பெயர். அது இல்லாமல் என்னால் ஒரு பத்தி எழுத முடியவில்லை. பயிற்சியாளர் முதலில் சொல்லிக்கொடுத்தது இறங்குவதை அல்ல, நிற்பதை. முன்முனை இரண்டையும் கிட்டக் கொண்டுவந்து, பின்முனைகளை அகற்றி, உள்விளிம்பால் பனியை அழுத்தவேண்டும். பயந்துபோய் உடம்பைப் பின்னால் சாய்த்தோமோ, முன்பக்கம் எடையிழந்து விளிம்பு பிடிப்பதில்லை, வேகம் இன்னும் கூடுகிறது. பள்ளத்தைப் பார்த்து முன்னால் சாய்கிறவனுக்குத்தான் பிரேக். உடம்பு இதை நம்பச் சம்மதிப்பதற்குள் அரைநாள் ஓடிவிடும். எதன் முனை, எதன் விளிம்பு என்று பெயர் சொல்லாமல் இதை எப்படி எழுத?

'பனிச்சறுக்குப் பலகை' என்று எழுதுகிறோம். ஆனால் இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் நின்று போகும் ஸ்னோபோர்டுக்கும் அதையே எழுதுகிறோம். அதுதான் உண்மையில் பலகை. 'சறுக்குக்கட்டை' என்றால் விறகு நினைவு. 'பனிமிதி' என்று ஒன்று யோசித்தேன். மிதியடி போலக் காலணி வகையில் வருகிறது, ஆனால் கேட்பவர் பனியை மிதிப்பதாகவே நினைப்பார். கடைசியில் 'சறுக்குமட்டை'யில் வந்து நிற்கிறேன். பாக்குமட்டையில் உட்காரவைத்துத் தரதரவென்று இழுத்து விளையாடாத பிள்ளை மலையடிவாரத்தில் உண்டா? என்ன சொல்கிறீர்கள்?

*

*சூரிக்கிலிருந்து*

வணக்கம் அண்ணா. ஊரில எங்களையும் கமுகமட்டையில இருத்தி இழுத்தவைதான். நல்ல சொல்தான், ஆனா நீங்கள் அதைப் பிழையான சாமானுக்கு வைக்கிறியள் எண்டு நினைக்கிறன். மட்டையில நாங்கள் இருக்கிறம், வேற ஆள் இழுக்குது. அது உங்கட திருச்சிக் குடும்பம் போன சாமான். இங்க அதுக்கு ஷ்லிட்டன் எண்டு சொல்லுவினம். சறுக்குமட்டையை அதுக்கே குடுத்திடுங்கோ, அளவாப் பொருந்தும்.

எங்கட வீட்டில ஸ்கீக்குத் தமிழ்ப் பேர் ஒண்டும் இல்லை. ஆனா வினைச்சொல் இருக்கு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால ஸ்கீலாகருக்குப் போறவை, ஒரு கிழமை மலையில நிண்டு பழகிறது. வந்து "அம்மா, நான் சிவப்பில ஓடினனான்" எண்டு சொல்லுவினம். இங்க இறக்கங்களுக்கு நிறம் வைச்சிருக்கினம்: நீலம் சுகமானது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கஷ்டம். சறுக்கினனான் எண்டு ஒருநாளும் சொன்னதில்லை. கார் ஓடுறது, சைக்கிள் ஓடுறது, ஸ்கீயும் ஓடுறது. சறுக்கினது எண்டால் விழுந்ததெண்டு அர்த்தம். ஆனைக்கும் அடி சறுக்கும் எண்டு சொல்லுறமே, அந்தச் சறுக்கல்தான். நல்லா ஓடுற ஆளைப் பாத்து "நல்லாச் சறுக்கிறார்" எண்டு சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொண்டு. இங்க இரவில மெஷின் விட்டு முழு இறக்கத்தையும் வாரி விடுவினம். விடியப் போய்ப் பாத்தால் சீப்பு இழுத்த மாதிரிக் கோடு கோடா இருக்கும். வாரின பனியில ஓடுறது ஒரு விதம், வாராத பனியில முழங்காலளவு புதைஞ்சு ஓடுறது வேற விதம். குல்மார்க்குக்கு வெள்ளைக்காரர் வாறதே வாராத பனிக்குத்தான் எண்டு இங்க கதைக்கிறவை. அதையும் எழுதுங்கோ.

*

*நாகர்கோவிலிலிருந்து*

தம்பிக்கும் தங்கைக்கும் வணக்கம். இருவர் மடலும் படித்தேன்.

பிளாச்சு என்றொரு சொல் நம் புழக்கத்தில் இருக்கிறதே, ஏன் யாரும் நினைக்கவில்லை? மூங்கிலையோ பனையையோ நீளவாக்கில் பிளந்து எடுப்பது பிளாச்சு. பந்தல் போடுகிறவன், வேலி கட்டுகிறவன், கூரை வேய்கிறவன் யாரைக் கேட்டாலும் எடுத்துக் காட்டுவான். நீளம், ஒடுக்கம், தட்டை, வளைந்தால் மீண்டும் நிமிரும் விசை: நீங்கள் விவரிக்கும் கருவியின் குணம் நான்கும் அதில் இருக்கின்றன. பலகையில் நீளம் இருக்கலாம், ஒடுக்கமும் விசையும் இல்லை.

ஸ்கீ என்ற சொல்லும் பழைய நார்ஸ் மொழியில் பிளந்த மரத்துண்டையே குறித்தது. அதைப் பார்த்து நான் இதைச் சொல்லவில்லை. இரண்டு ஊர்த் தச்சர்களும் ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள், அவ்வளவே.

பனிப்பிளாச்சு என்று முதல்முறை எழுதுங்கள். அடுத்த வரியிலிருந்து பிளாச்சு போதும். பிளாச்சாளர், பிளாச்சியல் என்றெல்லாம் யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

*

*சென்னையிலிருந்து*

ஐயா சொன்னதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நான் எலும்பு முறிவு பார்க்கும் மருத்துவன். புத்தூர்க் கட்டுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் காலில் மூங்கில் பிளாச்சோடுதான் என் அறைக்குள் நுழைவார்கள். மலைக்குப் போகும்போதே பிளாச்சைக் கட்டிக்கொண்டு போவது முன்யோசனைதான்.

விளையாட்டு போகட்டும். மருத்துவத் தமிழில் அதற்குச் 'சிம்பு' என்ற சொல் இருக்கிறது, பாடநூல்களிலும் வருகிறது. ஆகவே மோதல் இல்லை. என் தொழில் சார்பாக ஒரு வேண்டுகோள். பூட்ஸைப் பிளாச்சோடு பிடித்துவைக்கும் பொறிக்கும் பெயர் வையுங்கள். விழும்போது அது தானாக விடுபடவேண்டும். விடாவிட்டால் நீளமான பிளாச்சு நெம்புகோலாகி முழங்கால் தசைநாரைத் திருகி அறுத்துவிடும். வாடகைக்கு எடுக்கிறவர்கள் தங்கள் எடையை ஒழுங்காகச் சொல்லி அதைத் திருகி அளவு வைத்துக்கொள்ளவேண்டும். கூச்சப்பட்டு எடையைக் குறைத்தோ கூட்டியோ சொல்கிறவர்கள் உண்டு.

*

*கோவையிலிருந்து*

ஐயா, பிளாச்சு எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் பட்டியலில் அழகாக இருக்கும் சொல் பத்தியில் போட்டதும் நொண்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். ஆகவே ஓடவிட்டுப் பார்த்தேன். கட்டுரையிலிருந்து ஒரு துண்டு:

"பிளாச்சின் மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்கும், பனிக்குள் குத்திக்கொள்ளாமல் இருக்க. இடை ஒடுங்கி, மூக்கும் வாலும் அகன்றிருக்கும். நேராக வைத்தால் நேராக ஓடும். ஒருபக்கமாகச் சாய்த்து எடையை ஏற்றினால் எஃகு விளிம்பு பனியில் ஊன்றி, அந்த ஒடுங்கிய இடையின் வளைவுக்கு ஏற்ப ஆளையே வட்டமாகத் திருப்பும். புதியவருக்கு இதெல்லாம் பிறகு. முதலில் மூக்கைச் சேர், வாலை விரி. பயிற்சியாளர் இரண்டு உள்ளங்கையையும் கூரைபோலச் சாய்த்துக் காட்டினார். கூரை அகல அகல வேகம் குறைந்தது. கோல்ஃப் மைதானத்து இறக்கத்தில் இழுவைக் கயிற்றைப் பிடித்து ஏறி, கூரை போட்டு இறங்கி, மறுபடி ஏறி, மாலைக்குள் தொடை இரண்டும் எரிந்தன."

சத்தமாகப் படித்துப் பார்த்தேன். நொண்டவில்லை. மூக்கு, வால், இடை, விளிம்பு எல்லாம் தாமாக வந்து ஒட்டிக்கொண்டன. 'கூரை' அந்தப் பயிற்சியாளரின் கைக்குச் சொந்தம். ஆங்கிலத்தில் அதை ஏரோடு சேர்த்து 'ஸ்னோப்ளோ' என்று சொல்வதை அப்படியே பெயர்த்தால் நம் ஆள் கலப்பையைத் தேடுவார்.

சூரிக் தங்கச்சி தந்த 'வாரிய', 'வாராத' இரண்டையும் எடுத்துக்கொண்டேன், சறுக்குமட்டையையும் அவர் சொன்ன இடத்துக்கே மாற்றிவிட்டேன். குல்மார்கைப் பற்றி அங்கே பேசிக்கொள்வதும் சரிதான். கண்டோலாவின் உச்சியில் இறங்கினால் எல்லாப் பக்கமும் வாராத பனி. சில்லாய் கலான் என்று காஷ்மீரிகள் சொல்லும் கடுங்குளிரின் 40 நாட்களில், டிசம்பர் 21 தொடங்கி, விழும் பனி காய்ந்து இலேசாக இருக்கும், உள்ளங்கையில் அள்ளினால் உருண்டை பிடிக்காது. மேலே நான் ஓடவில்லை. வேடிக்கை மட்டும் பார்த்தேன். பனியில் புதைந்தவரைத் தேடித் தோண்டத் தோள்பையில் மண்வெட்டியும் நீளக்கம்பியும் செருகிக்கொண்டு நாலைந்து பேர் ஒருவர்பின் ஒருவராக, இடைவெளி விட்டு இறங்கினார்கள். கண்டோலாவின் கீழுள்ள பகுதியை மட்டுமே மீட்புக் குழு கண்காணிக்கிறது. அதற்கு அப்பால் அவரவர் பொறுப்பு.

அதை எழுதப்போய்த்தான் இன்னொரு முள் தைத்தது. 'பனிச்சரிவில் இறங்கினார்கள்' என்று எழுதிவிட்டு அடித்தேன். பனிச்சரிவு என்றால் நாளிதழில் பனி பெயர்ந்து உருண்டு வந்து ஆளைப் புதைப்பது. 2024 பிப்ரவரியில் கொங்டூரிக்கு மேலே வெளிநாட்டவர் ஒருவர் அதில்தான் இறந்தார். மலையின் சாய்ந்த பரப்புக்கும் அதே சொல் என்றால் எச்சரிக்கைப் பலகையில் வைக்க முடியாது. 'பனிச்சரிவு அபாயம்' என்பதைச் சறுக்கும் இடம் வழுக்கும் என்று ஒருவர் படித்துக்கொள்வார். எனவே ஓடும் இடம் 'இறக்கம்': வாரிய இறக்கம், வாராத இறக்கம். மலைப்பாதையில் லாரி ஓட்டுகிறவர்கள் சொல்லும் சொல்தான். சரிவு ஆபத்துக்கு மட்டும் இருக்கட்டும்.

வினைச்சொல்லில்தான் தடுமாற்றம். தங்கச்சி சொல்வதுபோல் 'ஓடு' எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் எங்கள் பக்கத்தில் கார் ஓட்டுவோம், ஓடமாட்டோம். 'இறக்கத்தில் ஓடினேன்' என்றால் கோவைக்காரன் கால் தெறிக்க ஓடியதாக நினைப்பான். 'பிளாச்சில் ஓடினேன்' என்றால் அந்தக் குழப்பம் தீர்கிறது. கட்டுரையில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

டாக்டர் கேட்ட பொறிக்குக் 'கவ்வி' என்று வைத்திருக்கிறேன். கவ்வுவதை விடவும் தெரியவேண்டும் என்பதுதான் அதன் வேலை என்கிறார் அவர், அந்தப் பாதி இந்தச் சொல்லில் இல்லை. பிணைப்பு, பூட்டு இரண்டிலும் சுத்தமாக இல்லை. ஐயாவுக்கு வேறு ஏதாவது தோன்றுகிறதா? வெள்ளிக்கிழமை கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பவேண்டும். அதுவரை கவ்வி.

*

*நாகர்கோவிலிலிருந்து*

கவ்வியே இருக்கட்டும். எவ்வளவு விசையில் அது விடவேண்டும் என்ற அளவுக்கு 'விடுவிசை' என்று தனியாகப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரின் எடைக் கணக்கெல்லாம் அதில் அடங்கும்.