நாலரை வயசுப் பையன் பெரியவங்களை 'போடி', 'லூசு'ன்னு பேசுறான், எப்படித் திருத்துறது?

கூடல்நகர்வாசி:
பையனுக்கு நாலரை வயசு, இந்த ஜூன்லதான் எல்கேஜி சேர்ந்தான். வீட்ல அப்பத்தா, தாத்தா, நாங்க ரெண்டு பேர். டிவியை நிறுத்தினா அப்பத்தாவை "போடி"ங்கிறான், சில நேரம் முதுகுல அடிக்கிறான். வீட்டுக்கு வந்தவங்க பேர் கேட்டா "போடா லூசு". சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் இது அதிகம். ஸ்கூல்ல மிஸ்கிட்ட ஒழுங்கா இருக்கானாம். "ரெண்டு போட்டாத்தான் அடங்குவான்"ங்கிறார் தாத்தா. "சின்னப்புள்ள, விடு"ங்கிறாங்க அப்பத்தா. பக்கத்து வீட்டு அக்கா வாயில மிளகாய்த்தூள் வைக்கச் சொல்றாங்க. சாரி கேளுன்னா இன்னும் கத்துறான். ராத்திரி பத்து மணிக்குத் தூங்கி ஆறரைக்கு எழுந்திரிக்கிறான். என்ன செய்யலாம்?

பால்வாடி டீச்சர்:
மிளகாய்த்தூள் வேண்டவே வேண்டாம். மூச்சுக்குழாய்க்குள்ள போனா திணறிடும், அந்தக் கையைக் கண்ணுல வச்சா அது தனி அவஸ்தை.

மிஸ்கிட்ட ஒழுங்கா இருக்கான்னா மரியாதை தெரியாத பிள்ளை இல்ல. வீட்ல அந்தப் பேச்சால அவனுக்கு ஏதோ கிடைக்குது. அது என்னன்னு முதல்ல பாருங்க. ஒரு வாரம் காலண்டர் தாளோட பின்பக்கம் எழுதி வைங்க: அவன் பேசுறதுக்கு முன்னாடி என்ன நடந்தது, என்ன சொன்னான், அடுத்து பெரியவங்க என்ன செஞ்சாங்க. மூணாவதுதான் முக்கியம், ஆனா அதைத்தான் யாரும் கவனிக்கிறதில்ல. யாராவது சிரிச்சிருப்பாங்க, இல்லன்னா "சரி, இன்னும் அஞ்சு நிமிஷம் பாரு"ன்னு டிவியை விட்டிருப்பாங்க, இல்ல வேண்டாத சோத்துத் தட்டை எடுத்திருப்பாங்க.

வெறும் வார்த்தைன்னா முகம் மாறக் கூடாது. திட்டவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம், திரும்பிக்கிட்டு வேலையைப் பாருங்க. கேட்டது மட்டும் கிடைக்கவே கூடாது. ஒழுங்கா கேட்ட அடுத்த நொடியே திரும்பிப் பேசணும். இந்த ரெண்டாவது பாதியை விட்டுட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிறது மட்டும் நடந்தா பயனில்ல. அடிச்சா கண்டுக்காம விடக் கூடாது. கையைப் பிடிச்சு, "அடிக்கக் கூடாது". அவ்வளவுதான், பிரசங்கம் வேண்டாம்.

ஆரம்பிச்ச முதல் சில நாள் கத்தல் கூடும். வழக்கமா பலிச்சது பலிக்கலைன்னா பிள்ளை இன்னும் அழுத்தித்தான் பார்க்கும். நிறைய வீட்ல இந்த இடத்துலதான் விட்டுக்கொடுத்துடுறாங்க. அப்ப அவன் கத்துக்கிறது, "இன்னும் கொஞ்சம் கத்தினா கிடைக்கும்"ங்கிறது.

சித்திரைவீதி:
டீச்சர் சொன்னது சரி. ஆனா மணியைப் பாருங்க. பத்துல இருந்து ஆறரைன்னா எட்டரை மணி நேரம். மூணுல இருந்து அஞ்சு வயசுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேணும். எல்கேஜி சேர்ந்ததும் மத்தியானத் தூக்கம் நின்னுருக்கும். ஆறு மணிக்கு மேல வர்ற 'போடி'யில பாதி தூக்கக் கலக்கம்தான். எட்டு, எட்டரைக்குப் படுக்க வைங்க. ஒரே நாள்ல முடியாது, ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை கால் மணி நேரம் முன்னாடி கொண்டு வாங்க. ஸ்கூல் விட்டு வந்ததும் வயித்துக்கு ஏதாவது கொடுங்க, சுண்டல், வாழைப்பழம், எதுனாலும்.

டிவியைப் பாதிக் கதையில அணைக்காதீங்க. அந்தக் கதை முடியுறப்ப நிறுத்துங்க, முன்கூட்டியே சொல்லி வைங்க. யூடியூப்னா ஒண்ணு முடிஞ்சதும் அடுத்தது தானா ஓடுற வசதியை நிறுத்திடுங்க. அணைக்கிற வேலையை அப்பத்தா தலையில கட்டாதீங்க, நீங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் செய்யுங்க.

அப்புறம் பழக்கம். கோபத்துல இருக்குறப்ப எதுவும் ஏறாது. குளிச்சு முடிச்சு குஷியா இருக்குற நேரத்துல அஞ்சு நிமிஷம் விளையாட்டா நடிக்கணும். அவன் அப்பத்தா, நீங்க பையன். நீங்க "போடி"ன்னா அவனுக்குச் சிரிப்பு வரும், வரட்டும். அடுத்து "இன்னும் ஒண்ணு பார்க்கட்டுமா, அப்பத்தா?"ன்னு நீங்க கேட்டுக் காட்டுங்க, பிறகு அவனைக் கேட்க வைங்க. "எனக்குக் கோவமா வருது"ன்னு சொல்லவும் பழக்குங்க. வாயை மூடுன்னு மட்டும் சொன்னா, அந்த இடத்துல வேற என்ன பேசுறதுன்னு அவனுக்குத் தெரியாது.

பாராட்டுறப்ப "நல்ல பையன்" போதாது. "'தாங்க'ன்னு கேட்ட பாரு, அதான் உடனே கொடுத்தேன்"னு காரணத்தோட, தோளைத் தொட்டுச் சொல்லுங்க. "நேத்து ஏன் இப்படிப் பேசல?"ன்னு வால் ஒட்டினீங்கன்னா பாராட்டு செத்துடும்.

தாமிரபரணி:
வீட்டுக்கு வர்றவங்க விஷயத்துல தப்பு பாதி வர்றவங்க பேர்லதான். கன்னத்தைக் கிள்ளுறது, "உங்கம்மாவை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்", "இந்தக் காரு எனக்குத்தானே?"ன்னு சீண்டுறது. பெரியவங்களுக்கு விளையாட்டு, அவனுக்கு நிஜம். அந்த நேரத்துல அவன் கையில இருக்குற ஒரே ஆயுதம் 'லூசு'தான். "மாமா, அவன் இப்ப இந்தக் கேலியைத் தாங்க மாட்டான்"னு நீங்க குறுக்க பேசணும். முத்தம் கொடு, மடியில உட்காருன்னு யாரும் வற்புறுத்தவும் விடாதீங்க. மூணு வழி சொல்லி வைங்க: வணக்கம் சொல்லலாம், கையாட்டலாம், "வாங்க" மட்டும் சொல்லலாம். எதுன்னு அவன் தேர்ந்தெடுக்கட்டும். மூணுமே மரியாதைதான்.

இன்னொண்ணு. தாத்தா அப்பத்தாவைச் செல்லமா 'போடி'ங்கிறாரா? ஆட்டோக்காரரையும் வேலைக்கு வர்ற அக்காவையும் வீட்ல 'வா, போ'ன்னுதான் பேசுறீங்களா? அப்ப அவன் கேட்டதைத்தான் திருப்பிச் சொல்றான்.

கூடல்நகர்வாசி:
தாத்தா அப்படித்தான் பேசுவார், நாங்க கவனிக்கவே இல்ல. அடிக்கிறதுக்கு மூலையில உட்கார வைக்கலாமா? அப்பத்தா வந்து தூக்கிட்டுப் போயிடுறாங்க.

பால்வாடி டீச்சர்:
அடிக்கு மட்டும் அதை வச்சுக்கலாம். பேச்சுக்கெல்லாம் உட்கார வச்சா நாள் பூரா மூலையிலதான் இருப்பான். மூணு, நாலு நிமிஷம் போதும். பாத்ரூம், இருட்டறை வேண்டாம், கண்ணுக்குத் தெரியுற இடத்துல ஒரு நாற்காலி. உட்கார்ந்திருக்குறப்ப யாரும் பேசக் கூடாது. கடைசியில கொஞ்ச நேரமாவது அமைதியா இருந்ததும் எழுந்திரிக்கச் சொல்லுங்க. எழுந்ததும் விட்ட வேலைக்கே திரும்பணும். சாப்பிட மாட்டேன்னு அடிச்சிருந்தா திரும்பத் தட்டு முன்னாடி. இல்லன்னா சாப்பாட்டுல இருந்து தப்பிக்க அடிச்சாப் போதும்னு கணக்குப் போட்டுடுவான்.

அப்பத்தா ஒத்துக்கலைன்னா இதைத் தொடங்காதீங்க, அரைகுறையாச் செஞ்சா நிலைமை மோசமாகும். அதுக்குப் பதிலா அன்னைக்கு மிச்ச டிவி கிடையாதுன்னு வைங்க. அப்பத்தாகிட்ட "நீங்கதான் கெடுக்குறீங்க"ன்னு போகாதீங்க. ஒழுங்கா கேட்டா பிஸ்கட்டையோ ரிமோட்டையோ எடுத்துக் கொடுக்குற வேலையை அவங்களுக்கே கொடுங்க. அப்பத்தா கையாலதான் கிடைக்கும்னா அவங்ககிட்ட அவன் பேச்சு மாறும். தாத்தாவுக்கு ஒண்ணு சொல்லுங்க: கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 பள்ளியிலயே அடிக்கக் கூடாதுன்னு சொல்லுது. அடிக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டே அடிச்சா அவன் எதை நம்புவான்?

சித்திரைவீதி:
பேச்சு மத்த பிள்ளைங்களை விடப் பின்தங்கியிருந்தா, கூப்பிட்டா பல தடவை திரும்பலைன்னா, காது கேட்குதான்னு ஒரு தடவை பார்த்துடுங்க. ஸ்கூல்லயும் இதே மாதிரி தொடங்கி மாசக்கணக்குல நீடிச்சாலோ, யாரையாவது காயப்படுத்தினாலோ குழந்தைகள் டாக்டரைப் பாருங்க. பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையம் இருக்கு, பிள்ளைங்களோட வளர்ச்சிக் குறையைச் சீக்கிரமே கண்டுபிடிச்சு உதவுற இடம். அங்க பரிசோதனை இலவசம்.

சாரியைப் பத்தி யாரும் சொல்லல. அழுதுகிட்டு இருக்குறப்ப கேட்க வைக்காதீங்க, அது வெறும் மல்லுக்கட்டு. அரை மணி நேரம் போகட்டும். பிறகு "அப்பத்தாவுக்கு முதுகு வலிக்குது, என்ன செய்யலாம்?"னு கேளுங்க. தைலத்தை எடுத்துட்டு வந்து கொடுத்தாப் போதும். சாரின்னு சொல்லலைன்னாலும் அன்னைக்கு விட்டுடுங்க.