ஆட்டம் நடக்கும்போதே வரைந்த பாலே கோடுகள்: நேரில் பார்த்தவர்களின் அனுபவங்கள்

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வரைந்த படங்களைப் பார்த்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் வலாந்தீன் கிராஸ் என்ற பிரெஞ்சு ஓவியர். பாலே பெண்களை வரைந்து புகழ்பெற்ற டெகாவைத் தெரிந்த அளவுக்கு இவரை நம்மில் பலருக்குத் தெரியாது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

1913 மே 29. பாரிஸ், ஷான்ஸ் எலிசே அரங்கம். ஸ்ட்ராவின்ஸ்கியின் இசை, நிஜின்ஸ்கியின் நடன அமைப்பு, ரோரிச்சின் உடைகள். ‘வசந்தத்தின் சடங்கு’ பாலே முதல்முறையாக மேடையேறிய இரவு அது. கூச்சலும் சீழ்க்கையுமாக அரங்கம் அமளிப்பட்ட கதையைப் படித்திருப்பீர்கள். ஆடுபவர்களுக்கு இசை கேட்காததால் நிஜின்ஸ்கி மேடையோரத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று தாளக் கணக்கைக் கத்திக்கொண்டிருந்தார். அன்று முகப்புக் கூடத்தில், அதை ஆடிய ரஷ்ய பாலே குழுவை வலாந்தீன் ஏற்கெனவே தீட்டியிருந்த படங்கள் மாட்டியிருந்தன. அவரோ உள்ளே இருந்தார். அந்த நடனம் நடந்த இரவுகளில் இருட்டில் பென்சிலால் அவர் வரைந்த தாள்கள்தான் நான் சொல்ல வந்தவை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் அவை இருக்கின்றன.

முதல் பார்வைக்கு அவற்றில் எதுவும் பிடிபடாது. அவசரக் கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒரு முழங்கால் உள்பக்கம் திரும்பியிருப்பது தெரியும். பாதங்களும் அப்படியே உள்நோக்கி இருக்கும். பாலே என்றாலே கால்களை வெளிப்பக்கம் திருப்பி நிற்பதுதான் அடிப்படை. நிஜின்ஸ்கி அதைத் தலைகீழாக்கினார். அந்த உடைப்பு நடந்த கணமே தாளில் பதிந்திருப்பதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இந்தத் தாள்கள் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அந்த நடனம் பத்துக்கும் குறைவான முறைதான் மேடையேறியது. யாரும் அதைத் திரைப்படமாகப் பதிவு செய்யவில்லை. அதே ஆண்டில் நிஜின்ஸ்கி திருமணம் செய்துகொள்ள, குழுவின் தலைவர் தியாகிலெவ் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். 1920இல் அதே இசையை மீண்டும் மேடையேற்ற நினைத்தபோது பழைய அசைவுகள் யாருக்கும் சரியாக நினைவில் இல்லை. மாசீன் என்ற நடன அமைப்பாளர் புதிதாகவே அமைத்தார். பல பத்தாண்டுகள் கழித்து நடன ஆய்வாளர் மில்லிசென்ட் ஹாட்சனும் கலை வரலாற்றாளர் கென்னத் ஆர்ச்சரும் அசலைத் தேடிப் புறப்பட்டார்கள். நிஜின்ஸ்கிக்கு உதவியாளராக இருந்த மரீ ராம்பேரின் குறிப்புகள், மிஞ்சியிருந்த உடைகள், அன்றைய விமர்சனங்கள், அவற்றோடு வலாந்தீனின் கோடுகள். இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் 1987இல் அமெரிக்காவின் ஜாஃப்ரி பாலே குழு லாஸ் ஏஞ்சல்ஸில் அந்த நடனத்தை மறுபடி ஆடியது.

நான் அந்த மறுஆக்கத்தின் காணொளியை முன்பே பலமுறை பார்த்திருந்தேன். அதனால் தாளைப் பார்த்தபோது, அந்த நடனக் கதையில் பலியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்ணின் கழுத்துச் சாய்வு எங்கிருந்து வந்தது என்று கண்ணெதிரே தெரிந்தது. வலாந்தீன் பிறகு நிதானமாகத் தீட்டிய பாஸ்டல் (நிறக்குச்சி) படங்களும் அழகுதான். ஆனால் அவற்றில் ஆட்டம் நின்றுவிடுகிறது. என்னைக் கேட்டால் அந்தக் கிறுக்கல்தான் பெரிய படைப்பு என்பேன்.

* * *

அக்கா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் டெகாவை அவ்வளவு சீக்கிரம் தாண்டிப் போக விடமாட்டேன். நான் பாரிஸில் இருக்கிறேன். ஓர்சே அருங்காட்சியகத்தில் அவருடைய பாஸ்டல்கள் மங்கிய வெளிச்சத்தில் இருக்கும். வெளிச்சம் அந்த நிறங்களுக்கு ஆகாது. வரிசையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வருவோம். அவர் அரங்கிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் வரைந்தார் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அப்படி இல்லை. நடனக்காரப் பெண்களைத் தன் அறைக்கு வரவழைத்து நிற்க வைத்து வரைந்தார், மிச்சத்தை நினைவிலிருந்து போட்டார். லெ பெல்த்தியே தெருவில் இருந்த பழைய ஆப்பரா (இசை நாடக) அரங்கம் 1873இல் எரிந்துபோன பிறகும் அந்த மேடையை வரைந்துகொண்டே இருந்தார். நடனத் தேர்வுகளை நேரில் பார்க்காமலே நிறைய வரைந்துவிட்டேன், கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது என்று தன் நண்பர் ஆல்பர்ட் ஹெக்டுக்குக் கடிதம் எழுதி அனுமதிச் சீட்டு கேட்டிருக்கிறார்!

ஆனால் ஆட்டத்தின் வேகம் அப்படியே தெரியும் படங்களும் அவருடையவை உண்டு. அதுவும் நீங்கள் சொன்ன அதே லண்டன் அருங்காட்சியகத்தில். ‘ராபர்ட் லெ தியாப்ல்’ என்ற ஆப்பராவில் இறந்துபோன கன்னியாஸ்திரீகள் கல்லறையிலிருந்து எழுந்து ஆடும் காட்சி வரும். அதற்காக டெகா தூரிகையால் போட்ட பழுப்பு நிற வரைவுகள் அங்கே இருக்கின்றன. எண்ணெயை வடியவிட்ட சாயத்தை டர்பன்டைனில் கரைத்து, தாளில் ஒரே வீச்சில் இழுத்தவை. வெள்ளை அங்கி சுழலும் வேகம் மட்டும் இருக்கிறது, உள்ளே உடம்பு இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். அந்தக் காட்சியின் முடிந்த ஓவியமும் அதே இடத்தில் இருக்கிறது, 1876இல் தீட்டியது. அதில் மேடை தூரத்தில் மங்கலாக இருக்கும். முன்னால் வாத்தியக்காரர்களும் பார்வையாளர்களும்தான் பெரிதாக. சொன்னேனே, அந்த ஹெக்ட், அவரும் ஓரத்தில் உட்கார்ந்து தொலைநோக்கியை மேடையைத் தவிர வேறெங்கோ திருப்பிக்கொண்டிருப்பார். முதலில் தூரிகை வரைவு, அப்புறம் ஓவியம் என்ற வரிசையில் பாருங்கள். அந்தக் கன்னியாஸ்திரீகள் எனக்கு அப்படித்தான் உயிரோடு தெரிந்தார்கள்.

* * *

இருவருக்கும் நன்றி. நான் பார்ப்பவள் மட்டுமல்ல, இருட்டில் வரைந்து பழகுகிறவள். மகள் படிக்கும் பாலே பள்ளி ஒத்திகையில் தொடங்கியது இந்தப் பழக்கம். இப்போது அரங்குக்குப் போனாலும் மடியில் சின்ன நோட்டு இருக்கும்.

எனக்குக் கைகொடுத்தது ‘லா பயாதேர்’ பாலேவின் நிழல்கள் காட்சி. பெத்திப்பா 1877இல் அமைத்தது. வெள்ளை உடைப் பெண்கள் சரிவான பாதையில் ஒவ்வொருவராக இறங்கி வருவார்கள். எல்லாரும் அதே அசைவு: ஒரு காலைப் பின்னால் நீட்டி முன்னால் சாய்வது, பிறகு பின்வாங்கி நிமிர்வது. முதல் பெண் வரும்போது இடுப்பை மட்டும் போடுவேன். அடுத்தவரிடம் முதுகின் வளைவு. அதற்கடுத்தவரிடம் பின்கால். பல உடம்புகளிலிருந்து ஒரே அசைவைச் சேர்த்து எடுக்க முடிகிறது. தாளைக் குனிந்து பார்க்கக் கூடாது, பார்த்தால் ஆட்டம் போய்விடும். இடது கட்டைவிரலைத் தாளில் ஓர் அடையாளமாக வைத்துக்கொண்டால் கோடு எங்கே நிற்கிறது என்று கைக்குத் தெரியும். தடித்த, மென்மையான பென்சில் வேண்டும். கூர்மையானது தாளில் கீறும் சத்தம் பக்கத்து இருக்கைக்காரருக்குக் கேட்கும்.

இதைப் பழகிய பிறகுதான் வலாந்தீன் செய்ததன் பெருமை எனக்குப் புரிந்தது. நிழல்கள் காட்சி எனக்குத் திரும்பத் திரும்ப வாய்ப்புக் கொடுக்கிறது. அவருக்கு முன்னால் நடந்ததோ அதுவரை எந்தக் கண்ணும் பார்த்துப் பழகாத அசைவு. அடுத்து எந்தக் கை எங்கே போகும் என்று ஊகிக்கவே வழியில்லை.

அக்கா, ஒரு கேள்வி. அந்தத் தாள்களில் இசைக்குறிப்பு வரிகளோடு சேர்த்து அவர் அசைவுகளை வரிசையாக வரைந்ததும் இருந்ததா? இறுதிப் பலி நடனத்துக்கு அப்படி ஒன்று செய்திருக்கிறார். பார்த்திருந்தால் அதைப் பற்றியும் எழுதுங்கள்.