பிக்கப் சேஸிஸ் உள்ள சேறு அடையுது, துரு நிக்க மாட்டேங்குது

2014 மாடல் டபுள் கேப், 4x4, பாக்ஸ் சேஸிஸ் (உள்ள கூடா இருக்குற பெட்டி மாதிரி சட்டம்). தினமும் மண் ரோட்டுலதான் ஓட்டம். போன மழைக்காலத்துலேர்ந்து பின் ஆக்ஸிலுக்கு மேல சேஸிஸ் வளையுற இடத்துல உள்பக்கம் சேறு அடைஞ்சு நிக்குது, ஸ்க்ரூடிரைவரால தட்டினா துரு செதில் செதிலா உதிருது, இன்னும் ஓட்டை விழல.

பிரஷர் வாஷர் விட்டா வெளிய மட்டும்தான் சுத்தமாகுது. தண்ணி வடியுற டிரெயின் ஓட்டைய கம்பியால குத்தி, உள்ள ஹோஸ் விட்டு தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசியாச்சு, அடுத்த மழைக்கே திரும்ப அடைச்சிடுச்சு. தார் கோட்டிங் அடிக்கச் சொல்றாங்க, எனக்கு அதுல நம்பிக்கையே இல்ல, விரிசல் விட்டா தண்ணி அடியில தங்கி இன்னும் அரிச்சிடும்.

நல்லா காயவச்சு உள்ள கேவிட்டி வாக்ஸ் (கூடான இடத்துக்குள்ள துரு பிடிக்காம இருக்க அடிக்கிற மெழுகு) அடிக்கப் போறேன், கீழ் டிரெயின் திறந்தே இருக்கும். பக்கவாட்டுல இருக்குற பெரிய ஓட்டைகள ரப்பர் பிளக் போட்டு மூடலாமா, இல்ல காத்து போக அப்படியே விடணுமா?